கியாமாவில் நான்கு இரவுகள்

பரமட்டாவில் இருப்பவர்களுக்குக் கடல் எட்டாத் தூரம் என்று எண்ணுவோர் ஒருமுறை படகுத்துறைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். சாள்ஸ் வீதியடியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சிறிய அணை உண்டு. அணைக்கு மேலே இருப்பது நன்னீர். அணைக்குக் கீழே, சேர்க்குலர் கீயிலிருந்து படகு வந்து திரும்புகின்ற பக்கம், வற்றும் பெருக்கும் உள்ள உவர்நீர். பரமட்டா என்ற பெயரே இந்த மண்ணின் பூர்வீக மக்களாகிய தருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது என்றும், விலாங்கு மீனோடு தொடர்புடையது என்றும் சொல்வார்கள். விலாங்கு கடலிலே பிறந்து, ஆற்றிலே வளர்ந்து, முட்டையிடுவதற்குத் திரும்பவும் கடலுக்கே போகின்ற மீன்.

சென்ற ஆண்டு குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் அந்தப் படகுத்துறையடியில் எங்களில் ஒருவர் குனிந்து, விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். (வாசகர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். ஆற்றுநீர் அவ்வளவு சுத்தமில்லை.)

"இஞ்சேருங்கோ, உப்புக் கரிக்குது. அப்ப கடல் கிட்டத்தான் இருக்குது. எப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போவியள்?"

"போவம், போவம். வேலை கொஞ்சம் குறையட்டும்."

இப்படித்தான் எங்கள் கியாமாப் பயணம் தொடங்கியது. இந்தக் கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். வாசிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று எங்களில் ஒருவரை 'அவர்' என்றும் மற்றவரை 'அவ' என்றும் குறிப்பிடுகிறோம். எங்கேனும் பிழை கண்டால் அது மற்றவர் எழுதிய பகுதி என்று கொள்க!

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிகுதி விளங்கும். அவ மயிலிட்டி. 1990 ஆனியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஒன்பது வயது. தகப்பனாரின் வள்ளம் கரையிலேயே நின்றுவிட்டது. பிறகு மல்லாகத்தில் ஒரு முகாம். மயிலிட்டித் துறைமுகம் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டது 2017 ஆடி 3ந் திகதி. அதாவது இருபத்தேழு வருடம் கழித்து. கடற்கரையிலிருந்து சில மைல் தூரத்தில் வளர்ந்தும், தன் ஊர்க் கடலில் கால் நனைக்க முடியாமலே அவ பெரியவவானா.

அவர் முல்லைத்தீவு. 2004 மார்கழி 26ந் திகதி தாயையும் வீட்டையும் கடல் கொண்டுபோனது. 2009 வைகாசி வரை அதே கரையில் நடந்தவற்றை நாங்கள் எழுதத் தேவையில்லை. 2011இல் எங்களுக்குக் கலியாணம். ஒன்பதாம் மாதம், 2012இல், அவர் அதே கடலாலேயே புறப்பட்டு அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு தடுப்பு முகாம், பிரிட்ஜிங் விசா, தற்காலிக விசா என்று காலம் போயிற்று. தற்காலிக விசா வைத்திருந்தவர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் 2023 மாசியில் அறிவித்த பின்புதான் மனைவியைக் கூப்பிடுகின்ற வழி திறந்தது. (அந்த வழியும் திறக்காமல் இன்றும் காத்திருப்பவர்கள் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள். அதனால் இதை எழுதும்போது ஒரு கூச்சமும் கூடவே இருக்கிறது.) 2025 பங்குனியில் அவ சிட்னியில் வந்து இறங்கினா.

பதின்மூன்று வருடம் எங்கள் குடும்ப வாழ்க்கை தொலைபேசியில்தான் நடந்தது. ஒக்ரோபர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அன்றுடன் இலங்கைக்கும் சிட்னிக்கும் நான்கரை மணியாக இருந்த வித்தியாசம் ஐந்தரை ஆகும். சித்திரை முதல் ஞாயிறு திரும்ப நான்கரை. அவவுக்கு அவுஸ்திரேலியாவில் வசந்தம் வந்துவிட்டது என்பது பூவாலோ வெயிலாலோ தெரிந்ததல்ல. ரெலிபோன் மணி ஒரு மணித்தியாலம் முந்தி அடித்தால் வசந்தம்!

இப்படிக் குரலால் மட்டும் பழகிய இரண்டுபேர் நாற்பது வயதைத் தாண்டி ஒரே வீட்டில் வாழத் தொடங்கினால் சில புதினங்கள் நடக்கும். அவருக்கு இருமும்போது அவவுக்குத் தெரியும், இது சளி, இது யோசனை என்று. ஆனால் அவர் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார் என்று தெரியாது. வீதியில் நடந்தால் ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பத்தடி பின்னுக்கும்.

போதாததற்கு அவருக்கு இரவு வேலை, அவவுக்குக் காலையில் ஆங்கில வகுப்பு. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டித்தான் பேச்சுவார்த்தை. "கறி கீழ்த்தட்டில். சூடாக்கிச் சாப்பிடுங்கோ." "பால் முடிஞ்சுது." ஒரே கூரையின் கீழும் தொலைபேசிக் குடும்பம்தான்.

அவர் வேலைசெய்யும் இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் வெள்ளைக்கார மனிதர் ஒருநாள் கேட்டாராம், "மனைவி வந்து ஆறு மாதமாகிறது, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனாயா?" என்று. போகவில்லை என்றதும் தன் சகோதரியின் யூனிற் ஒன்று கியாமாவில் சும்மா கிடக்கிறது, பாடசாலை விடுமுறை முடிந்தவுடன் போனால் இரண்டு இரவு வாடகைக்கு நான்கு இரவு தங்கலாம் என்றார். அவர் சாக்குச் சொல்ல இடம் பார்த்தார். கிடைக்கவில்லை. கடல் என்றால் அவருக்கு விருப்பமில்லை என்பதை அவ அதுவரை அறியவில்லை. பதின்மூன்று வருடமாகச் சிட்னியில் இருந்தும் அவர் பொண்டாய் கடற்கரையைக்கூடப் பார்த்ததில்லை என்பதை அன்றுதான் சொன்னார்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு தகவல். கியாமாவுக்குக் கார் தேவையில்லை. பரமட்டாவிலிருந்து சென்றல் வரை ரெயினில் வந்து, அங்கே தென்கரை ரெயினுக்கு மாறினால் கியாமாவிலேயே இறங்கலாம். எல்லாமாக மூன்று மணித்தியாலம் அளவில். சாதாரண ஒப்பல் அட்டையே போதும். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஒரு நாளைக்கான உச்சக் கட்டணம் மற்ற நாட்களிலும் குறைவு. செப்ரெம்பர் கடைசியிலிருந்து இரண்டு கிழமை பாடசாலை விடுமுறை. அந்த நாட்களில் கடற்கரை யூனிற்றுகளின் வாடகை கேட்டால் மயக்கம் வரும். அதற்கு அடுத்த கிழமை, அதுவும் கிழமை நாட்களில், அதே யூனிற் ஆளில்லாமல் இருக்கும்.

தெற்கே போகும்போது இடப்பக்க யன்னலோரம் இருக்கவேண்டும். எங்கள் வெங்கடேஸ்வரர் கோயில் (1985இல் குடமுழுக்குக் கண்டது) இருக்கும் ஹெலன்ஸ்பேர்க் கழிந்து, ஒற்போட் கழிந்து, குகையால் வெளியே வந்ததும் திடீரென்று கீழே கடல் தெரியும். அவ எழும்பி நின்றுவிட்டா. அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், அல்லது வாசிப்பதுபோல இருந்தார்.

அந்த இடம் ஸ்ரான்வெல் பார்க். அங்கேதான் லோறன்ஸ் ஹார்கிறேவ் என்பவர் 1894 நவம்பர் 12ந் திகதி நான்கு பெட்டிப்பட்டங்களைத் தொடுத்துக் கட்டி, அதிலே தொங்கிப் பதினாறு அடி உயரம் வானில் எழும்பினார். விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்பது வருடம் முந்தியது இது. பழைய இருபது டொலர் தாளில் அவருடைய படம் இருந்தது. இதைச் சொன்னதும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பற்றியும், விண் பூட்டிய பட்டம் இரவு முழுக்கக் கூவுவதைப் பற்றியும் பேசத் தொடங்கினார். கியாமா வரை பட்டக்கதைதான். பக்கத்தில் கடல் வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

யூனிற் என்றதும் மாளிகை என்று எண்ணவேண்டாம். பழைய செங்கல் கட்டடம், மூன்று மாடி, லிஃப்ற் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு குசினி, இரண்டு கதிரை கொள்ளும் ஒரு பல்கனி. படுக்கைவிரிப்பும் துவாயும் நாங்களே கொண்டுபோகவேண்டியிருந்தது. அரிசி, மா, மிளகாய்த்தூள், புளி எல்லாம் பரமட்டாவிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம். மறந்தது மண்சட்டி ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பல்கனி! காலை ஆறு மணிக்குப் பிறகு சூரியன் கடலிலிருந்து நேரே எழும்பும். மயிலிட்டிக்குக் கடல் வடக்கே. அங்கே சூரியன் கரையோரமாக வந்து கரையோரமாகவே போகும். கடலிலிருந்து சூரியன் எழும்புவதை அவ கண்டது இதுதான் முதல். அவருக்கு அது பழகிய காட்சி. முல்லைத்தீவும் கிழக்குக் கரையல்லவா. இன்னொரு புதினம்: இங்கே மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். இரண்டு நாளாக அவ திசை மாறி, தெற்கைப் பார்த்து வடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தா.

முதல் நாள் விடிய நாங்கள் அந்தப் பல்கனியில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலையும் இல்லை, வகுப்பும் இல்லை என்பது அவ வந்த பிறகு அன்றுதான் முதல் முறை. மூன்று முறை தேத்தண்ணி ஊற்றினோம். அவருக்கு ஒன்றரைக் கரண்டி சீனி என்பது அன்றோடு முடிவாயிற்று.

கியாமா என்றால் எல்லோரும் சொல்வது அந்த ஊதுகுழியைத்தான். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே (அது 1887இல் கட்டியது) கருங்கல் முனையில் இருக்கிறது. பழங்காலத்து எரிமலைக் குழம்பு உறைந்த கல். கடலுக்குள் இருந்து ஒரு குகை உள்ளே ஓடுகிறது. குகையின் கூரையில் ஒரு பெரிய ஓட்டை. தென்கிழக்கிலிருந்து அலை அடித்தால் தண்ணீர் குகைக்குள் புகுந்து காற்றை நெருக்க, அது பெரும் சத்தத்தோடு ஓட்டையால் தண்ணீரை மேலே வீசும். நல்ல நாளில் இருபத்தைந்து மீற்றர் வரை எழும்பும். 1797 மார்கழியில் ஜோர்ஜ் பாஸ் என்ற கடலோடி ஒரு சிறு வள்ளத்தில் வந்து இதைக் கண்டு எழுதிவைத்தார். அவருக்கு முன் எத்தனையோ ஆயிரம் வருடமாக இந்தக் கரை மக்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். கியாமா என்பதற்குக் கடல் இரையும் இடம் என்று பொருள் சொல்வோரும் உண்டு.

நாங்கள் போன அன்று காற்று வடகிழக்கு. ஊதுகுழி 'குறுக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் கிடந்தது. அரை மணித்தியாலம் காத்திருந்து பார்த்தோம். "இது எங்கட வீட்டு ஐயா குறட்டை விடுறமாதிரி இருக்குது" என்றா அவ. வடகிழக்கு அலைக்குத் தெற்கே இன்னொரு சின்ன ஊதுகுழி இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஒரு முதியவர் வழிகாட்டினார். உண்மைதான். சின்னது வெளுத்து வாங்கியது! இரண்டிலும் வேலிக்கு அப்பால் போகக்கூடாது. ஈரக் கருங்கல்லில் கால் வழுக்கியும், எதிர்பாராத அலை இழுத்தும் அந்தக் கரையில் உயிர்கள் போயிருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த முனையில் நின்றுதான் திமிங்கிலத்தையும் கண்டோம். குளிர்காலத்தில் வடக்கே போய்க் குட்டி ஈன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் செப்ரெம்பர் தொடங்கி நவம்பர் வரை குட்டியோடு தென்துருவப் பக்கம் திரும்பிப் போகின்றன. தூரத்தில் புகைபோல ஒரு மூச்சு, பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு மூச்சு. "தாயும் பிள்ளையும்" என்றார் அவர். அன்று முழுக்க அவர் கடலைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இரண்டாம் நாள் மீன் பிடிக்கப் போனோம். நியூ சவுத் வேல்ஸில் தூண்டில் போடுவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். மூன்று நாளைக்கு மட்டும் என்றும் எடுக்கலாம். மீன் இரை விற்கும் கடைகளிலும் தருவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தேவையில்லை. துறைமுகச் சுவரில் கரைப்பக்கமாக இருந்து, வாங்கிய மலிவுத் தூண்டிலைப் போட்டோம். அதாவது அவ போட்டா. அவர் பின்னால் கதிரையில் இருந்து கடலைக் கவனிக்காமல் தூண்டிலைக் கவனித்தார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு தட்டைத்தலை மீன் கிடைத்தது. அளந்து பார்த்தால் முப்பத்துமூன்று சென்ரிமீற்றர். இந்த மீன் முப்பத்தாறு சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும், இல்லையேல் திரும்ப விடவேண்டும் என்பது சட்டம்.

"பிடிச்ச மீனைத் திரும்பக் கடலிலை விடுறதோ? எங்கட ஐயா கேட்டால் சிரிப்பார்."

"விடும். இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்து பிடிப்பம்."

அவ விட்டா. ஆனால் முகம் வாடிவிட்டது. பிறகு கிடைத்த இரண்டு மணல் மீன்களும் அளவுக்குச் சரியாக இருந்தன. கையில் எடுத்ததும் "இது எங்கட கிழங்கானின்ரை சொந்தக்காரர்" என்று அவ கண்டுபிடித்தது சரியே. இரண்டும் ஒரே இனக் குடும்பம்.

அந்த மீனைப் பொரித்தபோது நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். தாச்சியில் எண்ணெய் காய்ந்து, செத்தல் மிளகாயும் போட்டதும், கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. இந்த மாநிலத்தில் 2006 வைகாசியிலிருந்து எல்லா வீட்டிலும் இது கட்டாயம். அவர் கதிரையில் ஏறித் துவாயால் விசிற, அவ யன்னல்களைத் திறக்க, இருவரும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தோம். கதவில் தட்டுச் சத்தம். கீழ் வீட்டு மூதாட்டி. முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறா என்று பயந்தோம். அவவோ மூக்கை உயர்த்தி மணந்து, "என்ன சமைக்கிறீர்கள்?" என்றா. ஒரு துண்டு மீன் கொடுத்தோம். கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டுப் போய், சிறிது நேரத்தில் தன் மரத்து எலுமிச்சங்காய் ஆறு கொண்டுவந்து தந்தா. அவவின் ஆங்கில வகுப்பில் மூன்று மாதத்தில் படித்த வசனம் எல்லாம் அன்று பத்து நிமிடத்தில் செலவாகிவிட்டது.

(மீன் பொரிப்பவர்கள் முதலிலேயே யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள விசிறியையும் போடுங்கள். கருவியின் பற்றரியை மட்டும் கழற்றாதீர்கள்.)

மூன்றாம் இரவு காற்று மாறித் தெற்கிலிருந்து அடித்தது. கடல் விடாமல் இரைந்தது. அவருக்கு நித்திரை வரவில்லை. பல்கனியில் போய் இருந்தார். அவவும் போர்வையோடு போய்ப் பக்கத்தில் இருந்தா. கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். பத்தொன்பது நாள். எத்தனை பேர், எந்த இடத்தில் இயந்திரம் நின்றது, எந்த நாளில் தண்ணீர் முடிந்தது என்று எல்லாம் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. வாசிப்போரில் பலரிடம் அப்படி ஒன்று இருக்கும்.

சொல்லி முடிய அவ ஒன்றுதான் கேட்டா.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பிஸ்கற். பிறகு பச்சை அரிசி."

"இதை ஏன் ஒருநாளும் ரெலிபோனிலை சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் அழுவீர். அழுதால் காட் முடிஞ்சு போகும்."

விடியும்வரை அங்கேதான் இருந்தோம். சோறு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவ பழஞ்சோற்றில் எலுமிச்சம்புளி விட்டுக் கரைத்துக் கொடுத்தா. இருவரும் குடித்தோம்.

நான்காம் நாள் பாறைக்குளத்துக்குப் போனோம். இந்தக் கரையில் இப்படிப் பல உண்டு. கரைப்பாறையை வெட்டிச் சுவர் கட்டியிருப்பார்கள்; கடல் சுவருக்கு மேலால் வந்து குளத்தை நிரப்பிவிட்டுப் போகும். காசு இல்லை. நீந்தத் தெரியாதவர்களும், பிள்ளைகளும், கடல் என்றால் உள்ளுக்குள் நடுங்குபவர்களும் முதலில் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் துணிபு. திறந்த கடலில் இறங்குவதானால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும். ஒக்ரோபரில் கிழமை நாட்களில் பல கடற்கரைகளில் அந்தக் கொடியும் இராது, காவலும் இராது. நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்துகொண்டு கையை உயர்த்தவேண்டும் என்று அவவின் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வடகிழக்குக் காற்று நீலநிறச் சொறிகளையும் கரைக்குத் தள்ளும். கடித்தால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருக்கவேண்டும்.

பாறைக்குளத்தைக் கண்டதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்த சொல் "கீரிமலை." அங்கே கேணியில் இருப்பது நன்னீர் ஊற்று, சுவருக்கு வெளியேதான் கடல். இங்கே உள்ளேயும் கடல், வெளியேயும் கடல். மற்றும்படி அதே கருங்கல் படி, அதே பாசி.

அவ உடுப்போடேயே இறங்கிவிட்டா. தண்ணீர் ஐஸ்போல இருந்தது. "ஐயோ அம்மா" என்று அவ போட்ட சத்தத்துக்கு அங்கே நீந்திக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் கைதட்டினார்கள். அவர் படியில் நின்றார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்தார். பிறகு கரைக்குப் போய்ச் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். பிறகு திரும்பவும் போய்க் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் செருப்புக்குள் வைத்தார். அவ ஒன்றும் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, நெஞ்சளவு வரும்வரை இறங்கினார். சுவருக்கு மேலால் ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. கம்பியை விடவில்லை. வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, "உப்புக் கரிக்குது" என்றார்.

கீரிமலையில் முழுகுவதுபோல மூன்று முறை முழுகினார். மூன்றாம் முறை கம்பியை விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை யூனிற்றைக் கூட்டித் துடைத்து, கீழ் வீட்டு மூதாட்டிக்கு மிளகாய்த்தூள் ஒரு சிறு போத்தலில் கொடுத்துவிட்டு ரெயின் ஏறினோம். திரும்பும்போது கடல் வலப்பக்கம். இந்த முறை யன்னலோரத்தில் அவர் இருந்தார். பரமட்டா நிலையத்தில் இறங்கி வீடு வரை நடந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம் என்று அவ சொல்கிறா. சாமான் பையை இரண்டு பேரும் ஆளுக்கொரு காதில் பிடித்திருந்தோம், அதனால்தான் என்று அவர் சொல்கிறார்.

துவாய்களைத் தோய்த்த பிறகும் இரண்டு கிழமையாக வீட்டுக்குள் மணல் காலில் பட்டது. மேற்பார்வையாளரிடம் பங்குனிக்கு இன்னும் நான்கு இரவு கேட்டு வைத்திருக்கிறோம். அப்போது தண்ணீர் இவ்வளவு குளிராது என்கிறார்கள். மண்சட்டியை இப்போதே பையின் அடியில் வைத்துவிட்டா அவ.